ஒன்றுமில்லாத தண்ணீரில் செம்பு

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பால்காரர் வாசலில் நிற்கும்போதே என் அம்மா பாலில் விரலை முக்கி, நகத்தின் மேல் ஒரு சொட்டு வைத்து, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவாள். பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தேவலை" என்பாள். நல்ல பால் என்று ஒருநாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த வயிற்றில் பிறந்தவள் நான். தண்ணீரில் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத செம்பைத் தேடிப் பிடிக்கிற ஆராய்ச்சிக்குப் போனதில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பி.எச்டி செய்துகொண்டிருந்தேன். என் வேலை, ஒளிவிடும் நானோ துகள்களைச் செய்வது. தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது ஒரு துகள். ஆனால் அது கலந்த தண்ணீரைப் புறஊதா விளக்கின் கீழே வைத்தால் பச்சையாக ஒளி விடும். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வாழைக்குருத்து மாதிரி. அந்தத் தண்ணீரில் செம்பு அயனி துளியூண்டு சேர்ந்தால் போதும், ஒளி மங்கிவிடும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செம்பு. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதைக் கொண்டுவந்தாலும் அதில் செம்பு எவ்வளவு என்று என் துகள் சொல்லிவிடும். சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

துகள்களைச் செய்யும்போது வருகிற நாற்றத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கக் கந்தகம் உள்ள ஒரு அமிலத்தைச் சேர்ப்போம். அழுகின முட்டையைத் தலையில் உடைத்த மாதிரி முடியெல்லாம் நாறும். "ஆராய்ச்சியோ கீராய்ச்சியோ, குளிச்சுட்டு உள்ளே வாடி" என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

லேபில் நாங்கள் இரண்டு பேர்தான். நானும் எனக்கு ஒரு வருஷம் ஜூனியரான ஒரு பெண்ணும். அவள் போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்கள், வேலையை விட்ட பிறகு விதுரா சந்தைக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த நிலையத்திலேயே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் பேசுவது அக்ரஹாரத் தமிழ், அவள் பேசுவது மலைத் தமிழ், இரண்டிலும் பாதி மலையாளம். வந்த முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் அவளை எப்படிக் கூப்பிட்டேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிட்டிருப்பேன்.

அவள் வேலை தங்கத் துகள், தேடுவது பாதரசம். என் வேலை வேறு, அவள் வேலை வேறு. ஆனால் எங்கள் கைடு, மலையாளி, நல்ல மனுஷர், ஒருநாள் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். வருஷ முடிவில் கமிட்டி வரும், இரண்டு திட்டத்தில் ஒன்றைத்தான் தொடரச் சொல்லும், மற்றவளுக்கு ஃபெலோஷிப் நீட்டிப்பு கிடையாது. அவள் "சரி சார்" என்றாள். நானும் "சரி சார்" என்றேன். அன்றிலிருந்து நான் அவளைப் பக்கத்து பெஞ்ச்காரியாகப் பார்க்கவில்லை.

எங்கள் நிலையத்தில் எதற்கெடுத்தாலும் விளக்கு ஏற்றுவார்கள். வெளிநாட்டு விஞ்ஞானி வந்தால் விளக்கு, செமினார் என்றால் விளக்கு, புது மெஷின் வந்து இறங்கினாலும் விளக்கு. இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளை நிலவிளக்கு, நம்மூர்க் குத்துவிளக்குதான். நான் சேர்ந்த புதிதில் அது மேடையில் கரிப்பிடித்து நின்றதைப் பார்த்து எனக்கு மானம் போயிற்று. இதைத் தேய்க்க ஒரு ஆள் இல்லையா என்று ஆபீஸில் கேட்டேன். "எந்நால் குட்டி தேய்ச்சோளூ" என்று, அப்படியானால் நீயே தேய்த்துக்கொள் பெண்ணே என்று, என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். விடுவேனா? வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டுவந்தேன். விளக்கை மூன்று பாகமாகக் கழற்றி, லேப் சிங்க்கில் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். மேடையில் பளபளவென்று நின்றது. இது யார் தேய்த்தது என்று டைரக்டரே கேட்டார். அதற்குப் பிறகு அது என் உரிமை. ஒருதடவை அவள், "குடுங்கக்கா, தண்டை மட்டும் நான் தேய்க்கிறேன்" என்று கை நீட்டினாள். "இதெல்லாம் பழக்கம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பிரச்சினை ஆரம்பித்தது என் பிளாங்க்கில். பிளாங்க் என்றால் ஒன்றுமில்லாத தண்ணீர். காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் துகளை மட்டும் கலந்து பார்ப்போம். அதில் செம்பு இல்லை, ஆகவே முழு வெளிச்சம் வர வேண்டும். அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் மற்ற எல்லாத் தண்ணீரையும் அளப்பது. பிளாங்க்கே மங்கினால் கணக்கு மொத்தமும் குப்பை.

மங்கியது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், முந்தின வாரம் ஜொலித்த அதே துகள், அதே தண்ணீர், பாதி வெளிச்சம்கூட இல்லை. துகள் கெட்டுவிட்டது போல என்று புதிதாகச் செய்தேன். அதுவும் மங்கியது. நாலைந்து நாளில் தானாகச் சரியாயிற்று. அப்பாடா என்றிருந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் மங்கியது. மறுபடி நாலைந்து நாள். கமிட்டி வர இரண்டு மாதம் இருந்தது.

தானாக மங்கித் தானாகச் சரியாகிற வஸ்து உலகத்தில் உண்டா? யாரோ கை வைக்கிறார்கள். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நோட்டைப் புரட்டி மங்கிய நாட்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். பார்த்தால், ஒவ்வொரு வட்டத்துக்கும் முதல் நாள் நிலையத்தில் ஏதாவது ஒரு விழா. விழா நாளில் எல்லோரும் ஹாலில் இருப்போம். நான் விளக்குக்குப் பக்கத்திலேயே, திரியைச் சரிபண்ணிக்கொண்டு நிற்பேன். லேபில் இருப்பவள் ஒருத்திதான். "ரியாக்‌ஷன் ஓடிட்டு இருக்குக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்று எப்போதும் அவள் பின்தங்கிவிடுவாள். அடிப்பாவி என்று அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். செம்பு சல்ஃபேட் பாட்டில் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு கல்லை எடுத்து ஒரு குப்பித் தண்ணீரில் போட்டால் போதுமே.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். என் பாட்டில் மூடிகளில் தலைமுடியை ஒட்டிவைத்தேன். தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் புள்ளி போட்டேன். செம்பு சல்ஃபேட் பாட்டிலை தினமும் எடை போட்டேன். துகள் பாட்டிலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போனேன். அம்மா அதைப் பார்த்து, "விஷத்தை ஆத்துக்குள்ளே கொண்டுவராதே" என்று கத்தினாள். முடி அறுபடவில்லை, மட்டம் இறங்கவில்லை, எடை குறையவில்லை. புத்தியுள்ளவள் என்றால் அங்கே நின்று யோசித்திருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் சாதாரண ஆளில்லை, தடயமே இல்லாமல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அவளிடம் நேரே கேட்டேனா? கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் என் பக்கம் நகர்த்துவாள். நான் வேண்டாம் என்பேன். "வயிறு சரியில்லையாக்கா?" என்பாள். இந்தக் கரிசனம்கூட நடிப்புதான் என்று பட்டது எனக்கு. அவள் ஃபோனில் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள். சிரித்தால் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு. ஒருத்தி மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவள் மூச்சுவிடுவதும் சாட்சியாகிவிடுகிறது.

எஸ்டேட்காரி என்பதால்தான் அவ்வளவு சுலபமாகச் சந்தேகப்பட்டேனா? இப்போது கேட்டால், ஆமாம். என் தெருப் பெண் ஒருத்தி அந்த பெஞ்ச்சில் இருந்திருந்தால், முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

கேன்டீனில் ஒன்றிரண்டு பேரிடம் வாய்விட்டேன். "என் பிளாங்க்கில் யாரோ கை வைக்கறா, நான் பேர் சொல்லலை" என்பேன். சொல்லாவிட்டால் என்ன, லேபில் இருப்பதே இரண்டு பேர். பேச்சு பரவி, கமிட்டி வர ஒரு வாரம் இருக்கும்போது கைடு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் நோட்டையும் பென்சில் வட்டங்களையும் காட்டினேன். விழா நாள், அவள் தனியாக இருந்த நேரம், மறுநாள் மங்கல், எல்லாவற்றையும் வக்கீல் மாதிரி அடுக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"குட்டிக்கு இது வெறும் சம்சயமா, இல்லை உறப்பா?" என்று கேட்டார். சந்தேகமா, நிச்சயமா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று நிதானித்திருக்கலாம்.

"உறப்பு, சார்" என்றேன்.

கமிட்டி வந்தது. மங்கிய நாட்களை எல்லாம் தள்ளிவிட்டு நல்ல நாட்களின் அளவை மட்டும் காட்டினேன், தலையாட்டினார்கள். அவளுக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிட்டு நீ செய்தாயா என்று கேட்கவில்லை. அவள் வேலையில் முன்னேற்றம் போதவில்லை என்று மட்டும் காகிதம் வந்தது. தன் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெஞ்ச்சைத் துடைத்துவிட்டு, "வர்றேன்க்கா" என்று போனாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் தூங்கினேன்.

ஐந்து வாரம் என் பிளாங்க் ஒரு குறையும் இல்லாமல் ஜொலித்தது. பார்த்தீர்களா என்று மனதுக்குள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆறாவது வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் பேச வந்தார். வழக்கம்போல விளக்கு, வழக்கம்போல நான். மறுநாள் காலை லேபைத் திறந்து, குப்பிகளை எடுத்து, தண்ணீர் ஊற்றி, துகள் கலந்து, புறஊதா விளக்கைப் போட்டேன்.

மங்கல்.

லேபில் நான் ஒருத்திதான். சாவி என்னிடம் மட்டும்தான். பெருக்க வருகிறவளைக்கூட நான் இருக்கும்போதுதான் உள்ளே விடுவேன். அப்போதும் என் புத்தி சும்மா இருந்ததா? அவள் ரகசியமாக இன்னொரு சாவி செய்துவைத்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கைடே இதைச் செய்கிறாரோ என்றுகூட யோசித்தேன். வாசல்படி வரை போய் வராந்தாவை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. சந்தேகப்பட ஆளே மிச்சமில்லாமல் போனபோதுதான் நான் முதல்முறையாகப் பொருள்களைப் பார்த்தேன்.

ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வடித்த தண்ணீரைப் புதுக் குப்பியில், பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் பிரித்த குப்பியில், ஊற்றினேன். ஜொலித்தது. துகளில் குற்றமில்லை, தண்ணீரில் குற்றமில்லை. அதே தண்ணீரை நான் முந்தின நாள் சாயங்காலம் கழுவிவைத்த குப்பியில் ஊற்றினேன். மங்கியது. குப்பிகளை எப்படிக் கழுவுவோம்? அமிலத்தில் ஊறவைத்து, எடுத்து, கடைசியாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பில் வடித்த தண்ணீர் நிரப்பி அதில் இரவு முழுக்க ஊறப்போடுவோம். அந்த டப்பை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். விளிம்புக்குக் கீழே, உள்பக்கம், மெல்லிசாக ஒரு நார் ஒட்டியிருந்தது.

புளி நார்.

அந்த லேபில் விளக்கின் அடிப்பாகம் முங்குகிற அளவுக்கு அகலமான பாத்திரம் அது ஒன்றுதான். லேப் சிங்க் ஒழுக ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு விழா அன்று காலையிலும் அதில்தான் விளக்கைப் புளித்தண்ணீரில் ஊறவைத்தேன். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. புளியின் புளிப்பு கறையோடு சேர்த்துச் செம்பையும் கரைத்து எடுக்கும், அதனால்தானே பளபளக்கிறது. எம்.எஸ்.ஸி கெமிஸ்ட்ரி படித்தவள், செம்பைத் தேடுவதையே தொழிலாக வைத்திருக்கிறவள், டப்பைக் குழாயில் இரண்டு தடவை அலசிவிட்டுச் சுத்தம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக்கில் ஒட்டிய செம்பு, குப்பிகளில் மிச்சமிருந்த அமிலம் பட்டு மெல்ல இறங்கி, என் ஒன்றுமில்லாத தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாலைந்து தடவை குப்பி ஊறினதும் டப் தானாகச் சுத்தமாகிவிடும். அடுத்த விழா வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கும். அவள் போன பிறகு வந்த அந்த ஐந்து வாரத்தில் விழாவே இல்லை.

என் துகள் பொய் சொல்லவே இல்லை. இருக்கிற செம்பை இருக்கிறது என்றுதான் அத்தனை நாளும் சொன்னது. நான்தான் அதை விட்டுவிட்டு ஒரு மனுஷியைப் பிடித்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு, பக்கத்து லேபில் இருந்த பெரிய மெஷினில் டப் கழுவிய தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். செம்பு. கூடவே துத்தநாகமும் இருந்தது. பித்தளையேதான், வேறு வழியே இல்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். டப்பைத் தூக்கி எறிந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒருநாள் பூராவும் அதைத்தான் யோசித்தேன், மறைத்து என்ன. மறுநாள் கைடிடம் போய் நோட்டை விரித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில், "இந்தக் குட்டியிடம் கேட்டேன். அந்தக் குட்டியிடம் கேட்கவில்லை" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கமிட்டிக்கு எழுதி, இழுத்துப் பறித்து, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு உத்தரவு வாங்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

நெடுமங்காடு வழியாக விதுரா பஸ். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். அவள் சந்தையில் ஒரு கடை மாடியில் இருக்கும் டுட்டோரியலில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் நின்றேன். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு, "சாயா குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை.

டீக்கடை பெஞ்ச்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் வட்டம், கேன்டீன் பேச்சு, உறப்பு என்று சொன்னது, புளி, டப், ஒன்றையும் விடவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய் முன்னுக்குப் பின்னாக உளறினேன். மன்னிச்சுக்கோ என்றேன். நான் நீட்டிய உத்தரவுக் கடிதத்தை அவள் பிரிக்கவில்லை. என் நோட்டைத்தான் வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"புதுக் குப்பியில ஒரு பிளாங்க் போட்டுப் பாக்கணும்னு அப்பவே தோணலையா?" என்றாள்.

"தோணலை."

"எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாள். அவள் கெட்டிக்காரி, அது எனக்கு எப்போதும் தெரியும். பிறகு கடிதத்தைப் படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "வருவேன். என் வேலை பாதியில கெடக்கு" என்றாள். "ஆனா அந்த லேப் வேண்டாம். சார்கிட்ட சொல்லி வேற எடத்துல பெஞ்ச் கேக்கணும்." நானே கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பஸ் வர நேரமாயிற்று. ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

"என்னைப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். யாரு, என்னன்னுதான் தெரியல. அன்னிக்கு சார் உங்களைக் கூப்பிட்டு அனுப்புனாருல்ல, நான் வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க நோட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனதப் பாத்தேன். நம்ம அக்கா உள்ள இருக்காங்க, நம்ம பாஷை பேசுற ஆளு, எனக்காகப் பேசிருவாங்கன்னு நெனச்சேன். நிம்மதியா சாயா குடிக்கப் போயிட்டேன்."

பஸ் வரும்வரை அவள் என் கூடவே நின்றாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.